பச்சையில் இருந்தால் போதுமா? பிறப்பு முதல் 5 வயது வரை குழந்தையின் எடை, உயரம், சாப்பாடு: முழுமையான வழிகாட்டி

ஒரு பெண் குழந்தையின் எடை அட்டை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது 2.9 கிலோ. 6 மாதம் முடிந்தபோது 6.9. ஏழாம் மாதம் 7.0, எட்டாம் மாதமும் 7.0, ஒன்பதாம் மாதம் 7.1. எல்லாப் புள்ளிகளும் அட்டையில் இயல்பான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள்தான் விழுந்திருக்கின்றன. "பச்சையிலதானே இருக்கு, ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் பயப்பட வேண்டிய அட்டை இது. மூன்று மாதத்தில் இவள் ஏறியது 200 கிராம். நடுக்கோட்டில் போகும் பெண் குழந்தை இதே மூன்று மாதத்தில் 7.3-லிருந்து 8.2-க்கு, அதாவது 900 கிராம் ஏறியிருக்கும். இன்னும் ஐந்தாறு மாதம் இப்படியே போனால் புள்ளி எடைக் குறைவைக் காட்டும் மஞ்சளில் விழும். அப்போதுதான் எல்லோரும் ஓடுவார்கள். தடுத்திருக்க வேண்டிய நேரமோ எட்டாம் மாதமே வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது பழகிய பாடம்தான். 1980-ல் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை ஏறாமல் நின்ற குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. யார் ஒல்லி என்று பார்க்கவில்லை, யாருடைய கோடு படுத்துவிட்டது என்று பார்த்தது. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு பார்வையை வைத்து எழுதியதுதான். முதலில் அளப்பது, பிறகு கோட்டைப் படிப்பது, பிறகு கோடு படுத்தால் என்ன செய்வது.

எடை போடுவது

அங்கன்வாடிகளில் இரண்டு வகைத் தராசு இருக்கும். ஒன்று உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் சால்ட்டர் தராசு. 25 கிலோ வரை காட்டும், 100 கிராமுக்கு ஒரு கோடு. மற்றது தரையில் வைக்கும் எலக்ட்ரானிக் மிஷின். எதுவானாலும் முறை ஒன்றுதான்.

1. தராசு சரியா என்று முதலில் பாருங்கள். தொங்கும் தராசில் கால்சட்டைத் துணியை மாட்டிய பிறகு முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். துணியை மாட்டாமல் பூஜ்யம் வைத்தால் துணியின் எடையும் குழந்தை கணக்கில் சேரும். மிஷினில் சந்தேகம் வந்தால் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஏற்றிப் பாருங்கள். 2 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும்.

2. மிஷின் கட்டாந்தரையில் இருக்க வேண்டும். பாய், மெத்தை, ஆடும் பலகை மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும்.

3. குழந்தையின் துணியைக் கழற்றுங்கள். டயப்பரை நிச்சயமாகக் கழற்ற வேண்டும். நனைந்த டயப்பர் 200 கிராமைச் சுலபமாகத் தாண்டும். 9 மாதக் குழந்தைக்கு அது ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி. போன மாதம் டயப்பரோடும் இந்த மாதம் டயப்பர் இல்லாமலும் எடை போட்டால், நன்றாக வளரும் குழந்தைகூட நின்றுவிட்டதுபோலத் தெரியும்.

4. கொலுசு, தண்டை, காப்பு, அரைஞாண், தாயத்து. கழற்ற மனமில்லாத வீட்டில் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒருமுறை எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் போட்டு எடை பார்த்து, அட்டையின் ஓரத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு மாதமும் கழித்துக்கொள்ளலாம்.

5. வயிறு நிறையப் பால் குடித்த உடனே போடாதீர்கள். மாதாமாதம் ஒரே நேரம், ஒரே தராசு என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழை தானாகவே போய்விடும்.

6. முள்ளுக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் படியுங்கள். குழந்தை உதைத்து அழும்போது படித்த எண்ணை நம்ப வேண்டாம். ஆட்டம் அடங்கட்டும்.

பெரியவர்கள் ஏறும் மிஷினில் அம்மா குழந்தையோடு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்ப்பது பலர் செய்வது. ஒரு வயதுக்கு மேல் இதை ஓரளவு நம்பலாம். கைக்குழந்தைக்கு வேண்டாம். இரண்டு எடையிலும் 100 கிராம் தவறினால் விடையில் 200 கிராம் போய்விடும்.

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. 10 சதவீதம் வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். 3 கிலோவில் பிறந்த குழந்தை 2.75-க்கு இறங்கியதைப் பார்த்து, பால் போதவில்லை என்று பவுடர் டப்பாவைத் திறப்பதுதான் பல வீடுகளில் தாய்ப்பால் குறையத் தொடங்கும் இடம்.

நீளமும் உயரமும்

எடை இன்றைய நிலையைச் சொல்லும். உயரம் கடந்த பல மாதங்களின் கதையைச் சொல்லும். ஒரு வாரப் பேதியில் எடை இறங்கும், உயரம் இறங்காது. மாதக்கணக்கில் சரியான சாப்பாடு கிடைக்காமலும் அடிக்கடி நோயில் விழுந்தும் இருந்தால்தான் உயரம் தேங்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாலில் ஒன்று. இதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. "அப்பாவும் குள்ளம்தானே" என்று முடித்துவிடுகிறார்கள்.

2 வயது வரை படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. இரண்டுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். படுத்தால் நீளம் கூடும். 23-ஆம் மாதம் படுக்கவைத்தும் 25-ஆம் மாதம் நிற்கவைத்தும் அளந்துவிட்டு குழந்தை வளரவேயில்லை என்று பதறுவது இந்தக் கணக்கு தெரியாததால்.

படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். தலை சுவரைத் தொட, குழந்தையை வெறுந்தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒருவர் இரு காதையும் மூடியவாறு தலையைப் பிடித்துச் சுவரோடு ஒட்டவைக்க வேண்டும். பார்வை நேராக மேலே இருக்கட்டும். மற்றவர் ஒரு கையால் இரு முழங்கால்களையும் மெதுவாக அழுத்தி நீட்டி, மறு கையால் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இரு உள்ளங்கால்களிலும் செங்குத்தாக வைக்க வேண்டும். புத்தகம் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டு, குழந்தையைத் தூக்கிய பிறகு டேப்பால் அளக்கலாம். ஒரு காலை மட்டும் நீட்டி அளந்தால் இடுப்பு சாய்ந்து ஒரு செ.மீ. வரை தவறும். அழும் குழந்தையின் கால் விரல்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கும், அப்போதும் தவறும்.

நிற்கவைக்கும்போது குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்மண்டை ஐந்தும் சுவரைத் தொட வேண்டும். காதுத் துளையும் கண்ணின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொண்டையும் ஹேர்பேண்டும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

கை, தலை, பாதம்

6 மாதம் முதல் 5 வயது வரை கைச்சுற்றளவு பார்ப்பது மிகச் சுலபம், ஆனால் மிகக் குறைவாகச் செய்யப்படுவது. இடது கையை மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோலை அழுத்தாமல் டேப்பைச் சுற்றிப் படியுங்கள். 12.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் சரி. 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் மிதமான குறைவு. 11.5-க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு, அன்றே மருத்துவரிடம். நான்கு வயதுக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் இதே எண்கள்தான்.

தலைச்சுற்றளவு பிறக்கும்போது 34 செ.மீ. அளவில் இருக்கும், ஒரு வயதில் 45-46 ஆகும். இரண்டாம் ஆண்டில் 2 செ.மீ. மட்டுமே கூடும். திடீரென வேகமாகப் பெருத்தாலும், வளராமல் நின்றாலும் உடனே காட்ட வேண்டும்.

பாதம். இரு பாதங்களின் மேல்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். எடை எவ்வளவு காட்டினாலும் சரி, அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. நீர் ஏறிய குழந்தையைத்தான் வீட்டார் "கொழுகொழுன்னு இருக்கான்" என்று நினைத்துவிடுவார்கள்.

அட்டையைப் படிப்பது

தாய் சேய் நல அட்டையிலும் அங்கன்வாடிப் பதிவேட்டிலும் உள்ள கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கியது. நம் நாட்டிலிருந்து டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பாலும் நல்ல சூழலும் கிடைத்தால் 5 வயது வரை எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. "அது வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கணக்கு" என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படம் உண்டு. மாற்றிக் குறிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்த தவறு வயது. முடிந்த மாதத்தைத்தான் எண்ண வேண்டும். ஏழு மாதமும் 25 நாளும் ஆன குழந்தைக்கு வயது 7 மாதம்தான், 8 அல்ல. குறைமாதத்தில் பிறந்திருந்தால் 2 வயது வரை அந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். 32 வாரத்தில் பிறந்தது என்றால் 8 வாரம் முந்தி. அந்தக் குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது 4 மாதத்துக்கு நேரே புள்ளி வைக்க வேண்டும்.

கைவசம் வைத்துக்கொள்ளச் சில எண்கள். முதலில் நடுக்கோடு, அடைப்புக்குள் பச்சையின் அடிக்கோடு. உயரத்துக்கு அடைப்பில் உள்ளதற்குக் கீழே போனால் உயரக் குறைவு.

6 மாதம்: பெண் 7.3 கிலோ (5.7), 65.7 செ.மீ. (61.2). ஆண் 7.9 கிலோ (6.4), 67.6 செ.மீ. (63.3).
12 மாதம்: பெண் 8.9 (7.0), 74.0 (68.9). ஆண் 9.6 (7.7), 75.7 (71.0).
2 வயது, நிற்கவைத்து: பெண் 11.5 (9.0), 85.7 (79.3). ஆண் 12.2 (9.7), 87.1 (81.0).
3 வயது: பெண் 13.9 (10.8), 95.1 (87.4). ஆண் 14.3 (11.3), 96.1 (88.7).
5 வயது: பெண் 18.2 (13.7), 109.4 (99.9). ஆண் 18.3 (14.1), 110.0 (100.7).

நடுக்கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். உங்கள் குழந்தை தன் கோட்டுக்கு இணையாக ஏறுகிறதா என்பதே கேள்வி. அதற்கான வேகம் உத்தேசமாக இப்படி: முதல் 3 மாதம் நாளுக்கு 25-30 கிராம். 3 முதல் 6 மாதம் வரை நாளுக்கு 15-20 கிராம். 6 முதல் 12 வரை மாதத்துக்கு 250-300 கிராம். இரண்டாம் ஆண்டில் மாதத்துக்கு 200 கிராம். அதன் பிறகு ஆண்டுக்கு 2 கிலோவும் 6-8 செ.மீ.யும். ஒரு வயதுக்கு மேல் பசி குறைவது பெரும்பாலும் இந்த வேகம் குறைவதால்தான். நோய் என்று நினைத்துப் பசி டானிக் வாங்க வேண்டாம்.

எப்போது உஷாராக வேண்டும்? 6 மாதத்துக்குள் என்றால் ஒரு மாதம் ஏறாவிட்டாலே. 6-12 மாதத்தில் இரண்டு மாதம் தொடர்ந்து படுத்தால். 1-3 வயதில் மூன்று மாதம். எடை இறங்கினால் எந்த வயதானாலும் அன்றே.

கோடு படுத்துவிட்டது: வரிசையாக என்ன பார்ப்பது

முதலில் மறுபடி எடை போடுங்கள். டயப்பர், தராசு, வயது. பாதிப் பதற்றம் இங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மைதான் என்று தெரிந்தால், 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கஞ்சியோ பசும்பாலோ மருந்து ஆகாது. பால் குடிக்கும் விதத்தைப் பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடங்கி, தாடை மார்பைத் தொட்டு, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போயிருக்க வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் அம்மாவுக்கு வலிக்கும், குழந்தைக்குப் பால் வராது. நாளுக்கு 8 முதல் 12 முறை பால், அதில் இரவும் சேர்த்தி. ஒரு பக்கம் முழுதாகக் குடித்த பிறகே மறுபக்கம், கொழுப்பு கூடிய பால் கடைசியில்தான் வரும். நாளுக்கு ஆறு முறைக்குமேல் சிறுநீர் போனால் பால் ஓரளவு கிடைக்கிறது என்று பொருள். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் களைத்து விட்டுவிடும் குழந்தைக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும்.

6 மாதத்துக்கு மேல் என்றால் சமையலறைக்குப் போங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண் குழந்தை போன்றவர்களின் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான், அதுவும் ஒரு கிண்ணத்துக்குள்.

கிண்ணத்தின் கணக்கு

7 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மி.லி. கொள்ளும். கிலோவுக்கு 30 கிராம் என்பது கணக்கு. தாய்ப்பால் சரியாகக் கிடைக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளுக்கு 6-8 மாதத்தில் 200 கலோரி, 9-11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 வேண்டும்.

இப்போது டம்ளரில் ஊற்றினால் வழிந்தோடும் அரிசிக்கஞ்சியோ பருப்புத் தண்ணியோ எடுத்துக்கொள்ளுங்கள். 100 மி.லி.க்கு 30 கலோரி இருந்தால் அதிகம். 200 மி.லி. குடித்தால் வயிறு முட்டும், கிடைப்பது 60. அதே 200 மி.லி. குழைந்த பருப்புச் சாதமாக இருந்தால் 160-க்குக் குறையாது. இரண்டு குழந்தையும் "போதும்" என்று தலையைத் திருப்பும். ஒன்று வளரும், மற்றது நிற்கும்.

அதனால் ஒரே ஒரு சோதனை: கரண்டியைச் சாய்த்தால் சாப்பாடு வழிந்து ஓடக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். பாட்டிலில் போட்டுக் கொடுக்கக்கூடிய எதுவும் சாப்பாடு இல்லை, தண்ணீர்தான்.

ஒரு நாளுக்கான அடிப்படைச் சமையல், 6-8 மாதத்துக்கு: பச்சரிசி 30 கிராம் (இரண்டு மேசைக்கரண்டி), பாசிப்பருப்பு 15 கிராம் (ஒரு மேசைக்கரண்டி). இரண்டையும் லேசாக வறுத்து, கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் குக்கரில் நாலைந்து விசில். குக்கரை மூடுவதற்கு முன்பே ஒரு பிடி முருங்கைக்கீரையோ ஒரு துண்டு பரங்கியோ சேர்க்கலாம். மத்தால் கடைந்து, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய். அரிசியில் 105, பருப்பில் 50, நெய்யில் 45. மொத்தம் 200 கலோரி சுமார். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யை மறந்தால் கணக்கில் நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. கடைந்ததை மிக்ஸியில் அடிக்காதீர்கள். 8-9 மாதத்துக்குள் கட்டி பழகாத குழந்தை பிறகு ஒரு வருஷம் துப்பிக்கொண்டே இருக்கும்.

கேழ்வரகுக் கூழில் இன்னொரு சூட்சுமம் உண்டு. மாவைக் கெட்டியாகப் போட்டால் குழந்தை விழுங்காது, தண்ணீர் சேர்த்தால் சத்து நீர்த்துப்போகும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த மாவில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி உருவாகியிருக்கும். கெட்டியாகக் கிண்டிய கூழ் கொஞ்சம் ஆறியதும் அந்த முளைமாவில் அரைத் தேக்கரண்டி கலந்து கிளறினால் கூழ் தானே இளகும். மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். தண்ணீர் சேர்க்காமலே இளகிவிட்டதால் ஒரு கிண்ணத்தில் கூடுதல் மாவு போட முடிகிறது. முளைமாவைக் கருக வறுத்தால் நொதி செத்துவிடும், பிறகு எவ்வளவு கலந்தாலும் இளகாது.

வேளைகள்: 6-8 மாதத்தில் 2-3 வேளை, இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை (கிண்ணம் என்றால் 250 மி.லி.). 9-11 மாதத்தில் 3-4 வேளை அரைக் கிண்ணம், கூடவே ஒரு சிற்றுண்டி. ஒரு வயதுக்கு மேல் 3-4 வேளை முக்கால் முதல் முழுக் கிண்ணம், ஒன்றிரண்டு சிற்றுண்டி. தாய்ப்பால் 2 வயது வரையும் அதற்கு மேலும். குழந்தைக்கென்று தனித் தட்டு வையுங்கள். பெரியவர் தட்டில் கூட உட்கார்ந்து சாப்பிடும் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது.

அளவு மட்டும் போதாது, வகையும் வேண்டும். தாய்ப்பால், தானியம்-கிழங்கு, பருப்பு-கடலை, பால்-தயிர், மீன்-கறி, முட்டை, மஞ்சள் காய்-கீரை, மற்ற காய்-பழம் என்ற எட்டில் தினம் குறைந்தது ஐந்து சேர வேண்டும். முட்டையை 6 மாதத்திலிருந்தே முழுதாக வேகவைத்துக் கொடுக்கலாம், வெள்ளைக்கரு உட்பட. வேர்க்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் அடைக்கும். விழுதாக அரைத்துக் கொடுங்கள்.

இரும்பு, வைட்டமின் ஏ, பூச்சி மருந்து

6 மாதத்தோடு குழந்தையின் இரும்புக் கையிருப்பு தீர்கிறது. அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 6-59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கேழ்வரகு கொடுக்கிறோமே என்பார்கள். கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச் சத்து, இரும்பில் அது சாதாரணம்தான். ஈரல், சுவரொட்டி, கறி, மீன் சாப்பிடும் வீட்டில் வாரம் இரண்டு மூன்று முறை நன்கு வேகவைத்து மசித்துக் கொடுங்கள். ஈரல் மட்டும் வாரம் ஒருமுறை, சிறு துண்டு போதும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சைவ வீட்டில் பருப்பு, கீரையோடு சில சொட்டு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். டீ அதைத் தடுக்கும். பொறையையும் வர்க்கியையும் டீயில் தொட்டு ஊட்டுவது, பசியையும் ரத்தத்தையும் ஒரே நேரத்தில் கெடுக்கும் பழக்கம்.

ஒரு வயதுக்கு மேல் பால் நாளுக்கு 500 மி.லி.க்குள். ஒரு லிட்டர் பால் குடித்துக்கொண்டு சாதத்தைத் தொடாத குழந்தை குண்டாகவும் வெளுத்தும் இருக்கும். அந்த வெளுப்பை நிறம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வயதுக்கு முன் பசும்பால் முக்கிய உணவாக வேண்டாம்.

அரசு கொடுப்பவை: இரும்பு-ஃபோலிக் சிரப் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. நாக்கின் பின்புறம் விட்டால் பல் கறுக்காது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. கடுமையான ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. வைட்டமின் ஏ 9-ஆம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், பிறகு ஒன்றரை வயதிலிருந்து 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் ஆண்டுக்கு இருமுறை: 1-2 வயதுக்கு 200 மி.கி., அதாவது பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில். அதற்கு மேல் முழு மாத்திரை.

நோயும் அதன் பிறகு இரண்டு வாரமும்

அட்டையில் கோடு இறங்கும் இடத்துக்கு நேரே பார்த்தால் பெரும்பாலும் ஒரு பேதியோ காய்ச்சலோ இருக்கும். பேதி வந்தால் சாப்பாட்டை நிறுத்துவதுதான் வீட்டில் செய்யும் பெரிய தவறு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், கண்ணளவில் பாதி போடக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். 2 வயதுக்குட்பட்டவருக்கு ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 50-100 மி.லி., 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 100-200, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி. துத்தநாக மாத்திரை 20 மி.கி. நாளுக்கு ஒன்று, 14 நாள். 2-6 மாதக் குழந்தைக்குப் பாதி. பேதி மூன்று நாளில் நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும், அடுத்த பேதி வராமல் காப்பது அந்த மிச்ச நாட்கள்தான்.

தேறிய பிறகு இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதல் சாப்பாடு. இழந்த எடை திரும்புவது இந்த இரண்டு வாரத்தில்தான். இதைத் தவறவிட்டால் அடுத்த சளி அதன்மேல் வந்து உட்காரும்.

"பல் முளைக்குது, அதான் பேதி" என்று விட்டுவிடாதீர்கள். பல்லால் பேதி வராது. தரையில் கிடந்ததை வாயில் வைக்கும் வயதும் அதுவேதான், அழுக்கு வயிற்றுக்குள் போகிறது.

வீட்டுப் பழக்கங்களில் விட வேண்டியவை சில. பிறந்ததும் சேனை வைப்பது, சீனித் தண்ணீர், தெருவில் கூவி விற்கும் கழுதைப்பால், ஒரு வயதுக்குள் தேன். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நச்சு கைக்குழந்தையின் தசையைத் தளரவைக்கும். எண்ணெய்க் குளியலில் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். தொக்கம் எடுப்பது, மாந்தத்துக்குச் சூடு போடுவது இரண்டும் கூடவே கூடாது. காலில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் தவறில்லை, குழந்தைக்கும் பிடிக்கும்.

உடல் அசைவு

பிடிக்காமல் உட்காருவது 4 முதல் 9 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8 முதல் 17 மாதத்துக்குள் எங்கே வந்தாலும் இயல்பு. சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடும். 18 மாதம் தாண்டியும் நடக்காவிட்டால் காட்டுங்கள். சக்கர வாக்கரில் போட்டால் நடை சீக்கிரம் வராது, படியில் உருண்டு விழுவதுதான் நடக்கும். 1 முதல் 4 வயதுக்கு நாளுக்கு 3 மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். தூக்கம் 4 மாதம் முதல் ஒரு வயது வரை 12-16 மணி, 1-2 வயதில் 11-14, 3-4 வயதில் 10-13. 2 வயது வரை போன் வேண்டாம். போனைக் காட்டி ஊட்டினால் வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது.

எப்போது வீட்டுவைத்தியத்தை நிறுத்துவது

கைச்சுற்றளவு 11.5-க்குக் கீழ், இரு பாதத்திலும் குழி, பால் குடிக்காமை, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, கூப்பிட்டால் அசையாத சோர்வு, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. கடுமையான ஊட்டக்குறைவுக்கு அரசு மருத்துவமனைகளில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் உண்டு. மற்றபடி, இரண்டு வாரம் கிண்ணத்தைச் சரிசெய்து மறுபடி எடை போடுங்கள். ஏறவில்லை என்றால் சிறுநீர்த் தொற்று, காசநோய், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

போகும்போது அட்டையைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தால் மருத்துவரின் பாதிக் கேள்வி குறையும்: "பேதி 5 நாள்", "அம்மா வேலைக்குப் போனாள்", "பாட்டி வீடு", "கூழ் கெட்டியாக்கியது".